ஐந்தாவது மிஷனில் ஏலியனிடம் மாட்டிக்கொண்டவருக்கு

கேள்வி: வயது 34. தள்ளுபடியில் வந்தபோது ‘ஏலியன்: ஐசோலேஷன்’ என்ற திகில் வீடியோ கேமை வாங்கினேன். நான்கு மிஷன் வரை ஓரளவு சமாளித்துவிட்டேன். ஐந்தாவதில், அந்த ஆஸ்பத்திரிப் பகுதியில், இரண்டு வாரமாக அப்படியே நிற்கிறேன். ஏலியன் வந்த சத்தம் கேட்டதும் லாக்கருக்குள் போய்விடுவேன். பத்து நிமிஷம் இருந்தாலும் அது அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. பொறுமை இழந்து வெளியே வந்தால் அடுத்த நிமிஷம் செத்துப்போகிறேன். அரை மணி நேரம் விளையாடினால் தலை சுற்றுகிறது, ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை. எனக்குக் கதைதான் முக்கியம். ஈஸிக்கு மாற்றினால் விளையாடியதாகவே கணக்கில்லை என்கிறான் நண்பன். என்னுடையது பழைய லேப்டாப், அவ்வப்போது திக்கித் திக்கி ஓடுகிறது. எட்டு வயது மகன் சில நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான், அதில் தவறில்லையே? — திருச்சி வாசகர்

பதில்: முதல் வேலையாக லாக்கரை விட்டு வெளியே வாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் பாதிச் சிக்கல் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மற்ற திகில் கேம்களில் ஒளிந்துகொண்டால் எதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வழியே போய்விடும். அந்தப் பழக்கத்தில் இதையும் விளையாடுகிறீர்கள். இந்த ஏலியனுக்கு அப்படி வகுத்து வைத்த பாதை கிடையாது.

2014 அக்டோபரில் இந்த கேம் வந்தது. செய்தது இங்கிலாந்தின் க்ரியேட்டிவ் அசெம்ப்ளி, வெளியிட்டது சேகா. ஏலியனை இயக்க அவர்கள் இரண்டு மூளைகளைத் தனித்தனியாக எழுதினார்கள். ஒன்று ஏலியனுடைய சொந்த மூளை. அதற்குக் கண்ணும் காதும் உண்டு, ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. பார்த்தாலோ கேட்டாலோதான் தெரியும். இன்னொன்று மேலே உட்கார்ந்திருக்கும் டைரக்டர். நீங்கள் நிற்கும் இடம் அதற்கு எப்போதும் தெரியும். அது ஏலியனிடம் உங்களைக் காட்டிக்கொடுப்பதில்லை, ‘அந்தப் பக்கமாகத் தேடு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கண்ணாமூச்சியில் கண் கட்டிய பையனுக்குத் திண்ணையில் உட்கார்ந்து திசை மட்டும் சொல்கிற ஆள் மாதிரி.

அந்த டைரக்டரிடம் ஓர் அளவுகோலும் இருக்கிறது. ஏலியன் உங்களுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, நீங்கள் அதை நேரில் பார்க்கிறீர்களா, மோஷன் ட்ராக்கரில் (நகர்வதைக் காட்டும் கைக்கருவியில்) பார்க்கிறீர்களா என்பதையெல்லாம் வைத்து, உங்களுக்கு இப்போது எவ்வளவு நெருக்கடி என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். நெருக்கடி ஒரு வரம்பைத் தாண்டினால் ஏலியனைக் கூரை வென்ட்டுக்குள் (காற்றுக் குழாய்க்குள்) திருப்பி அனுப்பிவிடும். கொஞ்ச நேரம் கழித்து அளவு இறங்கியதும் மறுபடி இறக்கிவிடும், அதுவும் நீங்கள் இருக்கிற வட்டாரத்திலேயே. இப்போது உங்கள் பத்து நிமிஷத்தைக் கணக்குப் பாருங்கள். ஏலியன் வந்திருக்கிறது, தேடியிருக்கிறது, போயும் இருக்கிறது. அது போன நேரத்தில் நீங்கள் வெளியே வரவில்லை. அடுத்த சுற்றுக்கு அதே அறைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறது. உங்களுக்கு அது போகவே இல்லை என்று தோன்றுகிறது.

இதில் இன்னொரு பொடியும் வைத்திருக்கிறார்கள். ஏலியனின் சில நடத்தைகள் ஆரம்பத்தில் பூட்டியிருக்கும். நீங்கள் ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதற்கு எதிரான நடத்தை திறந்துகொள்ளும். லாக்கரே கதி என்று இருப்பவரிடம் லாக்கர்களை முகர்ந்து பார்க்கிற பழக்கம் கூடிவிடும்.

ஆகவே கணக்கு ஒன்றுதான். ஏலியன் வென்ட்டுக்குள் ஏறுகிற சத்தம்தான் உங்களுக்கான மணி. அது கேட்ட நொடியிலிருந்து அடுத்த தடவை இறங்கும் வரை உள்ள நேரம் உங்களுடையது. அதை ஒளிவதில் செலவழிக்காமல் நடப்பதில் செலவழிக்க வேண்டும்.

சத்தங்களைப் பிரித்தறிவது

கண்ணைவிடக் காதுதான் இங்கே சோறு போடும். லேப்டாப் ஸ்பீக்கரில் விளையாடினால் பாதித் தகவல் போய்விடும். ஒரு சாதாரண ஹெட்போன் போதும், இடமும் வலமும் பிரிந்து கேட்டால் சரி.

தரையில் நடக்கும்போது கனத்த, இடைவெளி விட்ட காலடி கேட்கும். கூரை வென்ட்டுக்குள் இருக்கும்போது தகரத்தின் மேல் எதையோ உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தகடு படாரென்று அடித்தால் அது ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு காலடி கேட்டால் இறங்கியது, கேட்காவிட்டால் ஏறியது. பின்னணி இசையும் ஏலியன் கிட்டே வர வரக் கனக்கும். அதனால் பயமாக இருக்கிறது என்று இசையை அணைத்துவிடாதீர்கள், ஓர் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்த கதையாகிவிடும். சங்கடமாக இருந்தால் மொத்தச் சத்தத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கூரையில் வட்டமாகத் திறந்திருக்கும் வென்ட் வாய்களைக் கவனியுங்கள். அதிலிருந்து எச்சில் மாதிரி ஏதாவது ஒழுகிக்கொண்டிருந்தால் மேலே அது காத்திருக்கிறது. அடியில் நடந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். தப்பிக்க வாய்ப்பே தராத சாவு அது. சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போங்கள். இல்லையென்றால் நாய்ஸ்மேக்கரை (சத்தமெழுப்பும் கருவியை) வேறு பக்கம் எறிந்து அதை நகர்த்துங்கள்.

மோஷன் ட்ராக்கர் பற்றி நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது நகர்கிற பொருளை மட்டுமே காட்டும். ஏலியன் அசையாமல் நின்றால் புள்ளி வராது. ‘புள்ளி இல்லை, போகலாம்’ என்று வெளியே வந்து சாவது இதனால்தான். அதோடு, ஏலியன் மிகவும் கிட்டத்தில் இருக்கும்போது அந்த பீப் சத்தம் அதற்கும் கேட்கும். எடுப்பது, இரண்டு மூன்று நொடி பார்ப்பது, இறக்குவது என்று பழகுங்கள். கையில் தூக்கி வைத்துக்கொண்டே நடப்பவர்களுக்குப் பார்வை முழுக்கத் திரையிலேயே இருக்கும், எதிரே இருக்கிற மேஜைகூடத் தெரியாது. ட்ராக்கரை உயர்த்தியபடியே பார்வையைத் தூரத்துக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் தேடிப் பழகிக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பிரிவைக் கடப்பது

கூட வந்த டெய்லருக்கு அடிபட்டிருக்கிறது, சிகிச்சைப் பெட்டி வேண்டும், அதற்கு டாக்டர் குல்மான் கேட்கிற கீகார்டையும் கோடையும் தேடிப் போக வேண்டும். இதுதான் வேலை. இந்த மிஷனில்தான் ஏலியன் முதல் தடவையாக நீண்ட நேரம் சங்கிலி இல்லாமல் அலைகிறது, உங்கள் கையிலோ அதை விரட்ட உருப்படியான எதுவும் கிடையாது. இந்த இடத்தில் நின்றுபோனவர்கள் உங்களைத் தவிரவும் ஏராளம்.

உள்ளே போனதும் தேடலைத் தொடங்காதீர்கள். முதலில் சேவ் நிலையம் எங்கே என்று பார்த்து, அங்கிருந்து போக வேண்டிய இடம் வரைக்கும் உள்ள தூரத்தை மேப்பில் மூன்று நான்கு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு மறைவிடம் இருக்க வேண்டும். லாக்கரைவிட மேஜை, கட்டில், தள்ளுவண்டி நல்லது. மேஜைக்கு அடியில் இருந்தால் ஏலியனின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும், அது ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமாக நழுவலாம். லாக்கருக்குள் பார்வைக்கு ஒரு கீற்றுதான், வாசலும் ஒன்றுதான்.

பிறகு குனிந்து நடங்கள். குனிந்த நடை கிட்டத்தட்டச் சத்தமில்லாதது. நிமிர்ந்து நடப்பது ஏலியன் தூரத்தில் இருக்கும்போது பரவாயில்லை. ஓட்டம் வேண்டவே வேண்டாம். அது உங்களைவிட வேகமானது, ஓட்டத்தில் யாரும் ஜெயித்ததில்லை. மூலைக்கு வந்தால் உடம்பை வெளியே விடாமல் எட்டிப் பார்க்கிற பொத்தானைப் பயன்படுத்துங்கள். டார்ச்சை அணைத்து வையுங்கள். வெளிச்சம் அதை இழுக்கும், பேட்டரியும் வீணாகும்.

ஒரு அறையில் அது உங்களோடு இருக்கிறது என்று வையுங்கள். அதற்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேஜை. அது மேஜையின் இடது ஓரத்துக்கு வருகிறது. நீங்கள் வலது ஓரத்துக்கு நகர வேண்டும், ஆனால் அது தலையைத் திருப்பிய பிறகு. முன்பே நகர்ந்தால் ஓரக்கண்ணில் பட்டுவிடுவீர்கள். வால் உங்கள் பக்கம் இருந்தால் முகம் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். வாலைப் பார்த்து நகரப் பழகியவருக்கு இந்த ஆட்டத்தில் பாதிப் பயம் கழன்றுவிடும்.

லாக்கரில் மாட்டிக்கொண்டே விட்டீர்கள், அது கதவில் முகத்தை வைத்துவிட்டது என்றால், திரையில் காட்டுகிறபடி பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டும். ரொம்ப நேரம் பிடித்தால் திரை சிவந்து உடல்நிலை குறையும். அதனால் சத்தம் கேட்டவுடனேயே பிடிக்காதீர்கள், முகம் கதவுக்கு வந்த பிறகு பிடியுங்கள். உடல்நிலை ஏற்கெனவே பாதிக்குக் கீழே இருந்தால் மூச்சைப் பிடிப்பதே உங்களைக் கொன்றுவிடக்கூடும். உள்ளே போகுமுன் மெடிகிட் போட்டுக்கொள்ளலாம்.

சேவ் நிலையத்தில் நிறையப் பேர் அநியாயமாகச் சாகிறார்கள். கார்டைச் செருகியதும் மூன்று விளக்கு ஒவ்வொன்றாக எரியும். மூன்றாவது எரிந்த பிறகுதான் சேவ் ஆகும். அந்தச் சில நொடிகள் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், திரும்ப முடியாது. கிட்டத்தில் எதிரி இருந்தால் கேம் எச்சரிக்கும், ஆனாலும் சேவ் செய்ய விடும். எச்சரிக்கை வந்தால் பக்கத்து மேஜைக்கு அடியில் போய் இருங்கள், வென்ட் சத்தம் கேட்ட பிறகு வந்து செருகுங்கள்.

வழியில் கிடைக்கிற திருகாணி, குப்பி, பிசின் எல்லாவற்றையும் பொறுக்குங்கள், ஆனால் அங்கேயே நின்று எதையும் செய்ய உட்காராதீர்கள். பொருள் தயாரிக்கிற சக்கரத்தைத் திறந்தால் ஆட்டம் நிற்காது. கம்ப்யூட்டரில் கடிதங்கள் படிக்கும்போதும் நிற்காது. பாஸ் மெனு மட்டும்தான் நிறுத்தும். தயாரிக்கிற வேலையைச் சேவ் நிலையத்துக்குப் பக்கத்தில், சேவ் முடிந்த கையோடு செய்வதுதான் உத்தமம்.

இன்னும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சேவ் எடுத்துவிட்டு, வேண்டுமென்றே நடு அறையில் நின்று அது வரும்வரை பாருங்கள். கொல்லட்டும். மறுபடி லோட் செய்து, இந்தத் தடவை நடந்து போய் முன்னால் நில்லுங்கள். அடுத்தது நாய்ஸ்மேக்கரை எறிந்து எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறது என்று எண்ணுங்கள். இந்த மாதிரி ஐந்தாறு சாவு செத்தால், உங்கள் மனசில் உருவமில்லாமல் இருந்த பயத்துக்கு ஓர் எல்லை கிடைத்துவிடும்.

ஆயுதங்கள்

ரிவால்வரால் ஏலியனைச் சுடாதீர்கள். சாகாது, நீங்கள் இருக்கிற இடம் மட்டும் தெரிந்துபோகும். மொலோடோவ் என்கிற தீக்குண்டு கிடைத்தால் அதை விரட்டலாம், பிறகு தீ கக்கும் ஃப்ளேம்த்ரோவரும் வரும். இரண்டுமே விரட்டத்தான், கொல்ல அல்ல. ஃப்ளேம்த்ரோவர் கைக்கு வந்ததும் தூரத்திலிருந்து நீளமாக அடித்து எரிபொருளைத் தீர்த்துவிடுகிறார்கள். கிட்டே வரவிட்டு ஒரு சின்ன வீச்சு கொடுத்தால் போதும், அது திரும்பி வென்ட்டுக்கு ஓடும். அதையே அடிக்கடி செய்தால் அதற்கும் பழகிவிடும், அடுத்தடுத்த தடவை பயம் குறையும். எரிபொருளைக் கடைசிக் கட்டத்துக்குச் சேமிப்பது நல்லது.

வொர்க்கிங் ஜோ எனப்படும் அந்த ரப்பர் முக ஆண்ட்ராய்டுகளுக்கு வேறு கணக்கு. அவை ஓடாது, நடந்துதான் வரும், ஆனால் பிடித்தால் விடாது. மின்தடியால் உறைய வைத்துவிட்டு இரும்புக் கருவியால் அடிக்கலாம், மின் கருவிகளை முடக்கும் ஈஎம்பி மைன் இருந்தால் இன்னும் சுலபம். நேரே முகத்துக்கு முன்னால் போய் அடித்தால் கையைப் பிடித்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் ரீவயர் பெட்டிகளையும் கண்டுகொள்ளாமல் போகாதீர்கள். கேமராவை அணைக்கவும், ஸ்பீக்கரைப் போட்டுக் கவனத்தைத் திருப்பவும் அவை உதவும்.

ஈஸியா, கௌரவமா

நோவிஸ், ஈஸி, மீடியம், ஹார்ட், நைட்மேர் என்று ஐந்து அளவு இருக்கிறது. முதலும் கடைசியும் வெளியான பிறகு சேர்க்கப்பட்டவை. ஹார்ட்தான் இந்த கேமின் உண்மையான சுவை என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. அதில் ஏலியன் கூர்மையானது, உங்களைச் சுற்றியே நிற்கும், பொருள்கள் குறைவாகக் கிடைக்கும். ஆனால் அவர்கள் சொல்ல மறப்பது, எந்த அளவிலும் அது பிடித்தால் ஒரே சாவுதான். ஈஸியில் ஏலியன் பொம்மையாகிவிடாது. கவனிக்க அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், சீக்கிரம் விலகிப்போகும், உங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பயமும் கதையும் அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் கேட்பது கதை. இப்போதே பாஸ் மெனுவில் போய் ஈஸிக்கு மாற்றுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. மருத்துவப் பிரிவைத் தாண்டிய பிறகு கை பழகிவிட்டதாகத் தோன்றினால் மீடியத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். உயர்ந்த அளவுகளுக்கான விருதுகள் மட்டும் கிடைக்காமல் போகலாம். நண்பருக்கு அதுதான் முக்கியம் போலிருக்கிறது, உங்களுக்கு இல்லையே.

கதை வேண்டுமென்றால் இன்னொரு விஷயம். 1979-ல் வந்த ‘ஏலியன்’ படத்தின் கதை நடந்து 15 வருஷம் கழித்து, 2137-ல் இது நடக்கிறது. நாயகி அமாண்டா ரிப்ளி, படத்தின் எலன் ரிப்ளிக்கு மகள். அந்தப் படத்தில் வரும் நோஸ்ட்ரோமோ விண்கப்பலின் பதிவுக் கருவி கிடைத்திருக்கிறது என்ற தகவலைத் தொடர்ந்து செவஸ்டபோல் விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள். இதைத் தாண்டிய கதையில் பெரும்பகுதி வெட்டுக்காட்சிகளில் இல்லை, அங்கங்கே இருக்கிற கம்ப்யூட்டர்களிலும் ஒலிப்பதிவுகளிலும் இருக்கிறது. நிலையத்தை விற்றுத் தள்ளப் பார்க்கிற கம்பெனி, சம்பளம் கிடைக்காத ஊழியர்கள், காணாமல் போனவர்களைப் பற்றி முதலில் யாரும் வாய் திறக்காதது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஒலிப்பதிவை எடுத்துவிட்டு நடந்துகொண்டே கேட்கலாம் என்று போகாதீர்கள், அந்தக் குரல் காலடிச் சத்தத்தை மறைத்துவிடும். பாதுகாப்பான இடத்தில் மேப் பக்கத்திலிருந்து போட்டுக் கேளுங்கள்.

தலைச்சுற்றல்

இதற்கும் பயத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உள்காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இரண்டும் முரண்படும்போது வயிறு புரளும். பார்வைக் கோணம் குறுகலாக இருந்தால், பிரேம்கள் விட்டுவிட்டு வந்தால், இது கூடும். உங்கள் லேப்டாப் திக்குவது தலைச்சுற்றலுக்கும் ஒரு காரணம், இரண்டையும் சேர்த்தே சரிசெய்யுங்கள்.

செட்டிங்ஸில் ஃபீல்ட் ஆஃப் வியூ (பார்வைக் கோணம்) அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். மோஷன் ப்ளர், க்ரோமாட்டிக் அபெரேஷன், ஃபிலிம் க்ரெய்ன், டெப்த் ஆஃப் ஃபீல்ட் நான்கையும் அணையுங்கள். பழைய வீடியோ டேப் மாதிரி கரகரப்பு அழகாகத்தான் இருக்கிறது, அதற்காகவே சில காட்சிகளை உண்மையான டேப்பில் பதிந்து கெடுத்து எடுத்தார்கள். ஆனால் உங்கள் கண்ணுக்கு அது பிறகு போதும். மவுஸ் வேகத்தைக் குறையுங்கள். திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், அறையில் ஒரு விளக்கு எரியட்டும், மின்விசிறி முகத்துக்கு வரட்டும். இருட்டில்தான் விளையாட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முக்கியமான விதி: லேசாகப் புரட்டுகிற உணர்வு வந்த உடனே நிறுத்த வேண்டும். தாக்குப்பிடித்தால் பழகிவிடும் என்பது தவறு, அன்று முழுக்க அது போகாது. முதல் வாரம் இருபது நிமிஷம், பிறகு அரை மணி என்று கூட்டுங்கள். கேம் விளையாடாத நேரத்திலும் சுற்றல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், அது வேறு விஷயம். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இதைத் தொடாதீர்கள், அவசர விளக்குகள் வெட்டி வெட்டி எரிகிற இடம் இதில் நிறைய.

தூக்கம்

படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் வேண்டாம். உடம்பு ஆபத்து என்று நம்பி இதயத்தை முடுக்கியிருக்கிறது, அது இறங்க நேரம் வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, செத்த கோபத்தில் லேப்டாப்பை மூடுவது. ‘இன்னொரு தடவை’ என்று மனசு படுக்கையிலும் அந்தத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருக்கும். ஒரு சேவ் முடிந்த நிமிஷத்தில் வெளியே வாருங்கள். சேவ் நிலையம் அடைந்தால் இன்றைய வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டால் அளவும் தானாக வந்துவிடும்.

லேப்டாப்

இந்த கேமுக்குக் குறைந்தபட்சமாகக் கேட்டது 4 ஜிபி ராம், 1 ஜிபி கிராபிக்ஸ், 35 ஜிபி இடம்தான். பத்து வருஷம் தாண்டிய லேப்டாப்பும் தேறலாம். சார்ஜரைச் செருகி விளையாடுங்கள், பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் சிப் இருந்தால் கேம் அதைத்தான் எடுக்கிறதா என்று பாருங்கள். நிழல் தரம், வால்யூமெட்ரிக் லைட்டிங், ரிஃப்லெக்‌ஷன், எஸ்எஸ்ஏஓ இவற்றைக் குறையுங்கள் அல்லது அணையுங்கள். போதவில்லையென்றால் தெளிவை 1280 × 720-க்கு இறக்குங்கள். டெக்ஸ்சரைக் கடைசியாகத் தொடுங்கள், அதைக் குறைத்தால் கம்ப்யூட்டர் திரை எழுத்துகளும் அறிவிப்புப் பலகைகளும் மங்கிப்போகும்.

பின்னால் ப்ளேஸ்டேஷன் 4-க்கோ எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கோ மாறினால் ஒன்று ஞாபகம் வையுங்கள். அவற்றில் அறைச் சத்தத்தை மைக் வழியாகக் கேட்டு ஏலியனுக்கு அறிவிக்கிற வசதி உண்டு. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிற வீட்டில் அதை அணைத்தே வையுங்கள்.

மகன்

தவறுதான். ஐரோப்பிய மதிப்பீட்டில் இதற்கு 18 வயது, அமெரிக்காவில் ‘எம்’, அதாவது 17-க்கு மேல். எட்டு வயதுக் குழந்தைக்குத் திரையில் இருப்பதைவிடப் பக்கத்தில் அப்பா பயந்து நடுங்குவது பெரிய பயம். நீங்கள் உதறினால் அவனுக்கு அது உண்மையாகிவிடும். அவன் பள்ளிக்குப் போயிருக்கிற நேரமோ தூங்கிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். பின்னது தூக்க விதியோடு மோதினால், விடுமுறை நாளில் அவன் எழுமுன் உள்ள காலைதான் மிச்சம். ஏற்கெனவே பார்த்துவிட்டதைப் பற்றி அவன் கேட்டால் மழுப்பாமல், அந்த உருவத்தைக் கம்ப்யூட்டரில் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் சரிப்படவில்லை என்றால்

மொத்தம் 18 மிஷன். சாதாரணமாக விளையாடினால் 18, 20 மணி நேரம் ஆகும், உங்களுக்கு இன்னும் கூட ஆகலாம். நடுவில் ஏலியன் தொல்லை குறைந்து ஆண்ட்ராய்டு தொல்லை கூடுகிற பகுதி வரும். இழுத்துவிட்டார்கள் என்று வெளியானபோதே பலர் குறைபட்டுக்கொண்டது அந்த இடத்தைத்தான், அந்தக் குறை நியாயமானது. உங்களைப் போல ஐந்தாவதில் திணறுபவர்களுக்கு அது ஓய்வுமாகும்.

ஏழாவது மிஷன் வரை ஈஸியில் போய்ப் பாருங்கள். அப்போதும் விளையாட உட்காரவே மனசு வரவில்லை என்றால் விட்டுவிடலாம். இதே கேமின் காட்சிகளைத் தொகுத்து 2019-ல் ஏழு பாகத் தொடராக வெளியிட்டிருக்கிறார்கள், கதையின் எலும்புக்கூடு அதில் கிடைக்கும், நிலையத்தின் கம்ப்யூட்டர்களில் இருக்கிற சின்னச் சின்னக் கதைகள் கிடைக்காது. கையில் பிடித்து விளையாடுகிற திகில் கதைதான் வேண்டும் என்றால், ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015-ல் வெளியிட்ட ‘சோமா’வை எடுங்கள். கடலடி நிலையம் ஒன்றில் நடக்கிறது, என் கணிப்பில் கதை இதைவிட வலுவானது. 2017 டிசம்பரில் அதில் சேஃப் மோட் சேர்த்தார்கள். ஜந்துக்கள் இருக்கும், கிட்டே வரும், மிரட்டும், ஆனால் கொல்லாது. புதிய ஆட்டம் தொடங்கும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.